பதினான்கு குழாய்கள்

கார்பரேற்றரைக் கழற்றிப் பூட்டுவதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. படகு எஞ்சின் திருத்தப் பழகும் உங்களுக்குள் அதை என்னைவிட வேகமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். போன மாதம் பள்ளிமுனையில் உங்களில் ஒருவர், கைத்தொலைபேசியில் படம் பார்த்துக்கொண்டே ஒரு புது மாதிரி எஞ்சினைத் திருத்தி முடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்குப் பாதி விளங்கவில்லை. ஆனால் சொந்தமாகக் கடை போடப் போகிறவர்கள் என்னிடம் கேட்டது வேறு. எப்படித் தொடங்கினீர்கள், எப்படி நின்று பிடித்தீர்கள் என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொன்னால் கதை கொஞ்சம் நீளும். அதில் பெரும்பகுதி என்னைப் பற்றியதும் அல்ல.

நான் பேசாலைக்காரன். போர்க் காலம் முழுவதும் நீர்கொழும்பில் இன்னொருவருடைய கடையில் படகு எஞ்சின் திருத்தினேன். போர் முடிந்து, கடலுக்குப் போவதற்கு இருந்த கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தபோது மன்னாருக்குத் திரும்பினேன். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. உப்புக்குளத்தில், முன்பு மரம் அரிந்த ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, வாசலில் பலகை ஒன்றைத் தொங்கவிட்டேன். வேலை வந்தது. வந்த வேலை எதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் என்னுடைய முதல் பிழை.

எப்போது தருவீர்கள் என்று யார் கேட்டாலும் நாளைக்கு என்பேன். நீர்கொழும்பில் முதலாளி அப்படித்தான் சொல்வார். அங்கே பக்கத்துத் தெருவில் உதிரிப்பாகம் வாங்கலாம். மன்னாரில் ஒரு சின்ன வளையம் வேண்டுமென்றாலும் கொழும்புக்குச் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். தாழ்வுபாட்டிலிருந்து ஒருவர் ஐந்து நாள் தொடர்ந்து வந்தார். ஐந்தாம் நாள் பாதி கழற்றிய எஞ்சினை அப்படியே சாக்கில் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் ஜெசீமா என்றார். சொந்த இடம் முசலிப் பக்கம், மறிச்சுக்கட்டி. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் எல்லாம் வெளியேற்றப்பட்டபோது இளம் பெண்ணாகப் புத்தளத்துக்குப் போனவர். அங்கே அவருடைய கணவர் எஞ்சின் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தார். கணவர் மௌத்தான பிறகு ஆறு வருடம் அந்தக் கடையைத் தானே நடத்தியிருக்கிறார். இப்போது ஊருக்குத் திரும்பி, என்ன தொழில் செய்யலாம் என்று பார்த்துக்கொண்டு வந்தவர்.

"நான் ரெண்டு நாளா எதிர்க் கடையில இருந்து பாத்தனான்," என்றார். "உங்கட கை நல்ல கை, அண்ணன். சாமான் இல்லாமத்தான் நீங்கள் பொய் சொல்லுறீங்கள். சாமான நான் வைக்கிறன். கொட்டகையில பாதி தாங்கோ."

முன்பின் தெரியாத ஒருவர் என்னைப் பொய்க்காரன் என்றும் நல்ல கைக்காரன் என்றும் ஒரே மூச்சில் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொன்னதில் பிழை இல்லை. அடுத்த கிழமை இரும்பு அலுமாரி ஒன்றும் மேசை ஒன்றும் ஒரு கதிரையும் வந்து இறங்கின. அவர் விற்பார், நான் பூட்டுவேன். எங்கள் கூட்டு அவ்வளவுதான்.

அவர் வியாபாரம் செய்த விதத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருநாள் பேசாலையிலிருந்து ஒருவர் எஞ்சின் வேலை செய்யவில்லை என்று வந்தார். விலை கூடிய ஒரு சாமானின் பெயரைச் சொல்லி, அதைத் தரும்படி கேட்டார். அலுமாரிக்குள் அது இருந்தது. ஜெசீமா எடுத்துக் கொடுக்கவில்லை. எஞ்சின் எப்போது நின்றது, நிற்கும்போது என்ன சத்தம் கேட்டது, அதற்கு முதல்நாள் மழையில் நனைந்ததா என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில், அவரிடமிருந்த பிளக்கை வாங்கித் தூரிகையால் துடைத்துக் கையில் கொடுத்து, இதைப் போட்டுப் பாருங்கோ, சரிவராவிட்டால் நாளைக்கு வந்து மற்றதை வாங்குங்கோ என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு எரிச்சல் வந்தது. கேட்டு வந்தவருக்கு ஏன் கொடுக்கவில்லை என்றேன். தேவையில்லாத சாமானை வாங்கிக்கொண்டு போனவர் வீட்டுக்குப் போன பிறகு எங்களைப் பற்றி என்ன சொல்வார் என்று அவர் கேட்டார். பேசாலைக்காரர் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த கிழமை வந்தார், கூட நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு. இதை நான் எந்தக் கடையிலும் கற்கவில்லை. விற்பதற்கு முன் கேள்வி கேட்கிற ஆளை மக்கள் நம்புகிறார்கள். இதை நீங்கள் இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

இரண்டு வருடம் நன்றாக ஓடியது. மூன்றாம் வருடம் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்குவதற்குச் சற்று முன்னர்தான் அந்தக் குழாய்கள் வந்தன.

எண்ணெய்த் தாங்கியிலிருந்து எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் குழாயைச் சொல்கிறேன். நாங்கள் வழக்கமாக எடுக்கும் குழாய் கிடைக்காமல் போனது. கொழும்பில் புதிதாகத் தொடங்கிய ஒரு இறக்குமதிக்காரர் வேறொன்றைக் காட்டினார். பார்க்க மினுமினுப்பாக, முந்தியதைவிட அழகாக இருந்தது. ஒரு துண்டை மண்ணெண்ணெயில் கொஞ்ச நாள் போட்டுப் பார்த்துவிட்டு எடுப்போமா என்று ஜெசீமா கேட்டார். சீசன் தொடங்குகிறது, நேரம் இல்லை என்று நான்தான் ஒரு பெட்டி வாங்கினேன்.

பத்து நாளில் பதினான்கு குழாய்கள் போய்விட்டன. பெரும்பாலானவற்றை நானே பூட்டினேன்.

பதினோராம் நாள் காலையில் வங்காலையிலிருந்து ஒருவர் வேறு ஏதோ திருத்தத்துக்கு எஞ்சினைக் கொண்டுவந்தார். குழாயும் அதோடு தொங்கியது. அதை ஒதுக்கிவிடப் பிடித்தபோது என் விரல் உள்ளே போனது. நனைந்த பாண் ரொட்டியைப் பிடித்ததுபோல் இருந்தது. வெளியே அதே மினுமினுப்பு. வளைத்துப் பார்த்தேன், உள்பக்கம் ஊறி, வெடித்து, மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது.

நான் அதை ஜெசீமாவின் மேசையில் வைத்தேன். அவர் தொட்டுப் பார்த்தார். நான் பேசத் தொடங்கினேன். ஒன்று பழுதானால் எல்லாம் பழுது என்று இல்லை, ஊரெல்லாம் சொன்னால் கடையைப் பூட்ட வேண்டியதுதான், அவர்கள் எப்படியும் எதற்காவது இங்கே வருவார்கள், வரும்போது சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்றேன். சொல்லும்போது எனக்கு அது நியாயமாகவே பட்டது. பயந்த மனம் நியாயம் மாதிரித்தான் பேசும்.

"வரேக்க மாத்துவம் எண்டுறீங்கள்," என்றார் ஜெசீமா. "வராம விட்டா?"

குரலை உயர்த்தவில்லை.

எந்த ஊரில் யாருக்குக் குழாய் போனதென்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். வங்காலையில் மூன்று, தாழ்வுபாட்டில் நான்கு, எருக்கலம்பிட்டியில் இரண்டு, பேசாலையில் மூன்று, அரிப்பில் இரண்டு. ஆட்களின் பெயரும் சொன்னார். பத்து நாளில் வந்துபோன அத்தனை முகமும் அவருக்கு நினைவில் இருந்தது. பிறகு தொலைபேசியை எடுத்தார்.

தாழ்வுபாட்டிலும் வங்காலையிலும் பேசாலையிலும் அரிப்பிலும் பங்குத் தந்தைமாரிடம் பேசினார். எருக்கலம்பிட்டியில் பள்ளிவாசலுக்குப் பேசினார். ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னார். என்ன சொல்ல வேண்டும் என்பதில் எங்களுக்குள் ஒரு இழுபறி வந்தது. எல்லாரும் எண்ணெய்க் குழாயைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொன்னால் போதும் என்றேன். அவர் கேட்கவில்லை. உப்புக்குளத்தில் இன்ன கடையில் வாங்கிய புதுக் குழாய் பழுது, அதைப் போட்டுக்கொண்டு யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்று, கடையின் பெயரோடு சொல்ல வைத்தார். பொதுவாகச் சொன்னால் ஒவ்வொருவரும் அது மற்றவனுக்கு என்று நினைப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. கிறிஸ்தவக் கோவில்களும் பள்ளிவாசலும் ஒரே காலையில் எங்கள் கடையின் பெயரைச் சொல்லி, குழாய் பழுது என்று அறிவித்தன. அந்த அறிவிப்பைக் கொட்டகைக்குள் இருந்து கற்பனை செய்தபோது எனக்கு உடம்பு கூசியது.

மத்தியானத்துக்குள் பதின்மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள். மிஞ்சியது அரிப்பில் ஒருவர். பிலிப்பு என்று பெயர், நாற்பது வயதுக்காரர், தம்பியோடு தொழில் செய்கிறவர். அவருடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. ஜெசீமா எப்படியோ அவருடைய மனைவியைப் பிடித்தார். விடியவே போய்விட்டார்கள், பின்னேரம்தான் வருவார்கள் என்றார் மனைவி. வெளியே மரங்கள் தெற்குக் காற்றில் ஆடத் தொடங்கியிருந்தன.

பழைய குழாயில் மிஞ்சியிருந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு ஓட்டோ ஒன்றில் ஏறினோம். அரிப்பு வரைக்கும் நாங்கள் அதிகம் பேசவில்லை. எஞ்சின் கடலில் நின்றால் படகு காற்றோடு இழுபடும். அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. கசிந்த எண்ணெய் பலகைக்கடியில் தேங்கி, வலையிலும் கந்தையிலும் ஊறும். எங்கள் ஆட்களுக்கு மண்ணெண்ணெய் மணம் புதிதில்லை, மூக்கில் ஏறாது. பிலிப்பு கடைக்கு வந்தபோதெல்லாம் வாயில் பீடி இருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. ஜெசீமாவுக்கும் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இருவரும் அதை மற்றவரிடம் சொல்லவில்லை.

அரிப்புக் கரையில் படகு ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரர் அந்தோனிக்கும் எங்களுடைய பழுதான குழாய் ஒன்று போயிருந்தது. அறிவிப்பைக் கேட்டுக் கடலுக்குப் போகாமல் நின்றிருந்தார். பிலிப்பு எந்தப் பக்கம் வலை போட்டிருப்பார் என்று அவருக்குத் தெரியும். நான் முழங்கால் தண்ணீரில் நின்று அவருடைய குழாயை மாற்றினேன். ஆயிரம் தடவை செய்த வேலை. அன்றைக்குக் கிளிப் இரண்டு தரம் கைநழுவித் தண்ணீரில் விழுந்தது.

"இது தாங்குமோ?" என்று அந்தோனி கேட்டார்.

"நானும் உம்மோட வாறன்," என்றேன். என்னிடம் கொடுக்க இருந்த ஒரே உத்தரவாதம் அதுதான்.

கடற்படைக் காவலரணில் என்னிடம் கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டுக் கேட்டார்கள். மீனவன் அல்லாத எனக்கு ஏது சீட்டு? எனக்கு நீர்கொழும்புச் சிங்களம் தெரியும்; ஆனால் அந்த நேரத்தில் ஒரு வசனமும் ஒழுங்காக வரவில்லை. ஜெசீமா முன்னால் போய் நின்றார். கெஞ்சவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. எங்கள் கடையில் விற்ற சாமானால் இரண்டு பேர் கடலில் ஆபத்தில் இருக்கிறார்கள், அதைத் திருத்தத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான், இவர் திரும்பி வரும் வரை என்னுடைய அடையாள அட்டையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், நான் இங்கேயே நிற்கிறேன் என்று புத்தளத்துச் சிங்களத்தில் சொன்னார். அங்கிருந்த அதிகாரி இளம் ஆள். அட்டையை வாங்கவில்லை. தலையை ஆட்டி எங்களைப் போகவிட்டு, தன்னுடைய ஆட்களுக்கும் செய்தி அனுப்பினார்.

காற்று எதிராக இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனபிறகு பிலிப்புவின் படகு தெரிந்தது. எஞ்சின் நின்று, குறுக்காகத் திரும்பி ஆடிக்கொண்டிருந்தது. தம்பி எஞ்சினுக்கு மேல் குனிந்திருந்தார். பிலிப்பு படகின் முன்முனையில், அணியத்தில் இருந்துகொண்டு, சட்டைப் பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்து வீசினேன். தொண்டையிலிருந்து என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தோனி பிறகு சொன்னார், பீடியைப் பற்றவைக்காதே என்று நான் ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பக் கத்தினேனாம்: பத்தாதை, பத்தாதை.

பக்கத்தில் போனதும் அவர்களுடைய பலகையைத் தூக்கச் சொன்னேன். கீழே ஒரு சாண் தண்ணீர் நின்றது. அதன் மேல் வானவில் மாதிரி எண்ணெய் படர்ந்திருந்தது. வலையின் ஒரு பக்கம் முழுக்க ஊறியிருந்தது. பிலிப்பு அதைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பீடியைப் பார்த்தார்.

"விடியத்தொட்டு ஆறு பீடி பத்தியிட்டன்," என்றார் மெதுவாக.

அவருடைய எஞ்சினை நான் தொடவில்லை. ஒரு பொறிகூட அங்கே வேண்டாம் என்று முடிவு செய்தேன். இருவரையும் எங்கள் படகில் ஏற்றி, அவர்களுடையதை நீளக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். பாதி கடலில் கிடந்த வலையை வெட்டிவிட வேண்டியிருந்தது. கரை தெரியும்போது வெயில் தாழ்ந்துவிட்டது.

கரையில் பிலிப்புவின் மனைவி நின்றார். அவர் எங்களுக்கு நன்றி சொன்னார் என்று எழுத எனக்கு ஆசைதான். சொல்லவில்லை. புருஷனைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, பிள்ளைகளின் தகப்பனைக் கொல்லவா கடை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கரையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. நான் கொழும்புக்காரரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். ஜெசீமா என்னைக் கையால் மறித்தார்.

"ஓம், எங்கட பிழைதான்," என்றார். "நாங்கதான் வித்தனாங்கள்."

அவ்வளவுதான். ஒரு சொல் கூட்டவில்லை. அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் ஏசினார், பிறகு அழுதார், பிறகு ஜெசீமாவின் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். தம்பிமாரே, தங்கைமாரே, பிழை நடந்த இடத்தில் காரணம் சொல்லத் தொடங்கினால் எதிரில் இருப்பவருக்கு நீங்கள் தப்பி ஓடுவதுதான் தெரியும். காரணத்துக்கு வேறு நாள் இருக்கிறது.

மறுநாள், மிஞ்சிய குழாய்களைத் திருப்பி அனுப்பும்படி கொழும்பு இறக்குமதிக்காரர் சொன்னார். பதிலுக்கு வேறு சாமான் தருவதாகவும் சொன்னார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. திருப்பி அனுப்பினால் நீங்கள் அதை என்ன செய்வீர்கள் என்று ஜெசீமா தொலைபேசியில் கேட்டார். அந்தப் பக்கத்தில் ஒழுங்கான பதில் இல்லை. அவர் தொலைபேசியை வைத்துவிட்டு, கத்தியை எடுத்து வாசலில் உட்கார்ந்தார். பெட்டியில் இருந்தது, திரும்பி வந்தது எல்லாவற்றையும் விரல் நீளத் துண்டுகளாக வெட்டினார். இங்கே வேண்டாமென்றால் இது வேறு ஊருக்குத்தானே போகும் என்றார். உள்ளே நின்ற நானும் இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நானாகச் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று நினைக்கிறேன்.

பிறகு மூன்று கிழமை யாரும் வரவில்லை. தெருவால் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜெசீமா ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்குக் கடையைத் திறந்து, அலுமாரியைத் துடைத்து, கதிரையில் இருந்தார். புதிதாக வந்த குழாயில் ஒரு துண்டை வெட்டி, மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குள் போட்டு, எல்லாருக்கும் தெரியும்படி மேசையில் வைத்திருந்தார்.

நாலாம் கிழமை முதலாவதாக வந்தவர் பிலிப்பு. போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். துண்டை வெளியே எடுத்து நசுக்கிப் பார்த்தார். எத்தனை நாளாக ஊறுகிறது என்று கேட்டார். இருபது நாள் என்றார் ஜெசீமா. அப்படியென்றால் ஒன்று தாருங்கோ என்றார் பிலிப்பு. அவர் வெட்டிவிட்ட வலைக்குப் பதில் வலை ஒன்றை நாங்கள் முன்னமே கொடுத்திருந்தோம். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. அதற்குப் பிறகு வடக்கே வெள்ளாங்குளம் வரைக்கும் இருந்து ஆட்கள் வந்தார்கள். பழுது என்று தாங்களே ஒலிபெருக்கியில் சொன்ன கடை எது என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

ஐந்து வருடத்துக்குப் பிறகு ஜெசீமா சிலாவத்துறையில் தனியாகக் கடை திறந்தார். இன்றைக்கு அந்தக் கரையில் அதைவிடப் பெரிய உதிரிப்பாகக் கடை இல்லை. என்னுடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அங்கே போனார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. நானே என்னுடைய சாமான்களை அங்கேதான் வாங்கினேன்.

இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது. அந்தச் சம்பவம் நடந்த வருட முடிவில் மீனவர் சங்கம் ஒன்று கூட்டம் வைத்து எனக்குப் பொன்னாடை போர்த்தியது. கடையின் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று உண்மையை ஊருக்குச் சொன்ன மனிதர், உயிரைப் பொருட்படுத்தாமல் கடலுக்குப் போன மனிதர் என்று தலைவர் நீளமாகப் பேசினார். கடலுக்குப் போனது நான்தான். மற்றது நான் அல்ல. ஒலிவாங்கியை என் கையில் தந்தார்கள். எல்லாருக்கும் நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். மூன்றாவது வரிசையில் இருந்து ஜெசீமா கைதட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், ஊருக்குச் சொன்னது நீங்கள்தான் என்று நான் மேடையில் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். பரவாயில்லை என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"ஓம் அண்ணன்," என்றார். "சொல்லியிருக்கலாம்."

மறுநாள் வழக்கம்போல வந்து கடையைத் திறந்தார். அதன்பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இந்தக் கரையில் இன்னும் அந்தக் கதையை என்னுடைய கதையாகவே சொல்கிறார்கள். உங்களில் சிலரும் அப்படித்தான் கேள்விப்பட்டு என்னிடம் வந்தீர்கள். நான் திருத்தவில்லை. இப்போது எழுதிவிட்டேன். இந்தத் தாளை முதலில் சிலாவத்துறைக்குக் கொண்டுபோய் அவரிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் உங்களிடம் தருகிறேன்.